விடுதி அறையும் மன நிறைவும்

வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. மகிழ்ச்சியை அளக்க ஏதேனும் கருவி உண்டா? இயற்பியல் படிப்போருக்கு இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உளவியலார் அதற்கும் ஓர் அளவுகோல் செய்து வைத்திருக்கிறார்கள். 1985-இல் எட் டீனர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட அளவுகோல், வாழ்க்கை நிறைவு பற்றிய ஐந்தே வாக்கியங்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் இடவேண்டும். மிகக் குறைந்த அளவு 5. உச்ச அளவு 35. வெப்பமானியின் துல்லியம் இதற்கு இல்லைதான். ஆயினும் ஒருவரே சில வாரங்கள் கழித்து மீண்டும் நிரப்பினால் பெரும்பாலும் பழைய அளவை ஒட்டியே வருகிறது.

சரி, இந்த அளவை ஏற்றுவது எது? இறக்குவது எது? நல்ல ஊர், நல்ல கல்லூரி, நல்ல விடுதி கிடைத்தால் போதும் என்றுதான் மாணவர் பலரும் எண்ணுகிறார்கள். 1998-இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இருவர், குளிர் வாட்டும் மிச்சிகன், ஒகையோ மாநிலங்களிலும் இதமான வெயில் காயும் கலிபோர்னியாவிலும் சுமார் 2,000 பல்கலைக் கழக மாணவர்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். கலிபோர்னியா மாணவர்களே அதிக மகிழ்ச்சியுடன் இருப்பார்கள் என்று இரு பகுதியினருமே எதிர்பார்த்தனர். ஆனால் தம் வாழ்க்கை பற்றி அவரவர் அளித்த மதிப்பில் வேறுபாடே இல்லை! இரண்டு இடங்களை ஒப்பிடும்போது, அவற்றுக்கிடையே வேறுபடும் அம்சம் மட்டும் நம் கண்ணில் பெரிதாகப்படுகிறது. அன்றாட வாழ்வில் அதன் பங்கு சிறியது என்பதை மறந்துவிடுகிறோம்.

விடுதிக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக் கழகத்தில் குலுக்கல் முறையில் விடுதிகளை ஒதுக்குகிறார்கள். நண்பர்கள் குழுவாகச் சேர்ந்தே ஒரே விடுதிக்குப் போகலாம். எந்த விடுதி என்பதுதான் குலுக்கல். மோசமான விடுதி விழுந்தால் தம் மகிழ்ச்சி வெகுவாகக் குறையும் என்று மாணவர்கள் முன்கூட்டியே கணித்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தால், நல்ல விடுதிக்காரரும் மோசமான விடுதிக்காரரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். கட்டடத்தையும் இருப்பிடத்தையும் பற்றியே கவலைப்பட்டவர்கள், உடன் வரும் நண்பர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2003-இல் வெளிவந்த ஆய்வு இது.

2002-இல் டீனரும் மார்ட்டின் செலிக்மனும் 222 மாணவர்களிடையே மிக மகிழ்ச்சியான பத்து விழுக்காட்டினரைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அவர்களிடம் தனித்துத் தெரிந்தது நெருக்கமான உறவும் நட்புமே. அவர்களுக்கும் சோர்வான நாட்கள் வரத்தான் செய்தன. ஆனால் நட்பினால் மகிழ்ச்சி வந்ததா, மகிழ்ச்சியானவரிடம் நட்பு சேர்ந்ததா? இதற்கு விடை காணச் சோதனைதான் செய்ய வேண்டும்.

அத்தகைய சோதனை ஒன்றின் முடிவை 2011-இல் கிரிகரி வால்ட்டன், ஜெப்ரி கோகன் இருவரும் வெளியிட்டனர். ‘நாம் இந்த இடத்துக்குப் பொருந்தாதவர்’ என்ற எண்ணமே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் வகுப்பில் முதன்முறை அமரும் மாணவருக்கு அந்த எண்ணத்தை விளக்கவே வேண்டியதில்லை. முதலாண்டு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, தொடக்கத்தில் எல்லாருக்குமே இந்தத் தவிப்பு உண்டு, காலப்போக்கில் அது தணிகிறது என்று மூத்த மாணவர்கள் தெரிவித்தவற்றைப் படிக்கக் கொடுத்தனர். பிறகு தம் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். ஒரு மணி நேர வேலை, அவ்வளவே! மூன்றாண்டுக் காலத்தில், இதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையரோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. மருத்துவரிடம் போவதும் குறைந்தது.

92 பேரிடம் கிடைத்த முடிவு எங்கும் செல்லுமா? 22 கல்லூரிகளில் 26,000-க்கும் மேற்பட்ட மாணவரிடம் நடத்திய பெருஞ்சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. படிப்பில் பின்தங்கும் பிரிவினர் அதிகமானோர் முதலாண்டை முடித்தனர். ஆனால் அத்தகைய மாணவர்க்கு உண்மையிலேயே இடமளித்த கல்லூரிகளில் மட்டுமே இந்தப் பலன் கிடைத்தது. மற்றக் கல்லூரிகளில் அதே தாள், அதே பயிற்சி, எவ்வித மாற்றத்தையும் தரவில்லை.