“கிரியேட்டினின் நார்மல்”னா என்ன அர்த்தம்?

சித்தப்பாவுக்கு முதல் கீமோ முடிஞ்ச மூணாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.9. “கிட்னி நார்மல்”னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எட்டாம் நாள் அதே எண் 2.3. நடுவுல யாரும் தப்பு பண்ணலை. அதனாலதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். அதாவது குப்பை எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்த்து, குப்பை வண்டி ஓடுதான்னு கணிக்கிறோம். ஒரு சிறுநீரகத்தையே தானம் கொடுத்தவருக்கும் இந்த எண் பெரும்பாலும் நார்மல் எல்லையிலோ அதை ஒட்டியோதான் இருக்கும். மிச்சம் இருக்கிற நெஃப்ரான்கள் கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும். நோயில் இளைத்தவருக்குத் தசை குறைவு என்பதால் எண் இன்னும் ஏமாற்றும்.

சித்தப்பாவுக்குக் கொடுத்தது சிஸ்பிளாட்டின். வடிகட்டிக்கு அடுத்து வரும் நுண்குழாயின் செல்கள் இந்த மருந்தை ரத்தத்திலிருந்து தாங்களே உள்ளே இழுத்துக்கொள்கின்றன; அங்கே அதன் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகிவிடும். கீமோ அன்று பாட்டில் பாட்டிலாக சலைன் ஏத்துறது இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். அடி முதலில் விழுவது குழாயில். கிரியேட்டினின் பேசுவது வடிகட்டலைப் பற்றி.

அடிபட்ட குழாய் தானே ஏதாவது சொல்லுமா? சொல்லும். 1998இல் ஹார்வர்டில் ஜோசப் பான்வென்டர் குழு விவரித்த ‘கிம்-1’ என்ற புரதம், ஆரோக்கியமான சிறுநீரகத்தில் கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. காயம்பட்டால் குழாய்ச் செல்கள் அதைத் தங்கள் மேற்பரப்பில் உருவாக்கி, பக்கத்தில் செத்துக் கிடக்கும் செல்களை விழுங்கிச் சுத்தம் செய்ய உதவிக்கு வைத்துக்கொள்கின்றன. அதன் வெளிப்பகுதி வெட்டுப்பட்டு சிறுநீரில் விழும். ஊசி வேண்டாம், ஒரு டப்பா யூரின் போதும்.

2008இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வும் ஐரோப்பிய மருந்து முகமையும், எலிகளில் மருந்துச் சோதனைக்கு கிம்-1 உட்பட ஏழு சிறுநீர்க் குறியீடுகளை ஏற்றன. மனிதர்களுக்கு? 2018இல்தான் எஃப்.டி.ஏ. ஆறு குறியீடுகளின் தொகுப்பை ஏற்றது. அதுவும் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடக்கும் முதல்கட்டச் சோதனைகளுக்கு மட்டும்.

பத்து வருஷம் ஏன்? எனக்குப் பிடிபட்ட முக்கியக் காரணம் இது. எலியில் கிம்-1 உயர்ந்தால், சிறுநீரகத்தை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, காயம் உண்மையான்னு முடிவு கட்டலாம். நோயாளியிடம் அது நடக்காது. அதனால் புதுச் சோதனையைப் பழைய கிரியேட்டினினோடு ஒப்பிட்டே பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். கிம்-1 உயர்ந்து கிரியேட்டினின் உயரலைன்னா அது பொய் எச்சரிக்கையா, இல்லை கிரியேட்டினின் பார்க்கத் தவறிய உண்மையா? தாமதமா வர்றவரையே நீதிபதியா உட்கார வெச்ச கதை. (இன்னொரு வேடிக்கை: யூரின் நீர்த்திருக்கிறதா என்று திருத்த, கிம்-1 அளவை சிறுநீரிலுள்ள கிரியேட்டினினால்தான் வகுக்கிறார்கள். ஆளை விடமாட்டேங்குது.)

மற்ற குறியீடுகளுக்கும் தனித்தனி குணம். ‘என்-கால்’ சில மணி நேரத்திலேயே ஏறும், ஆனா வெள்ளையணுக்களிலும் இருப்பதால் சாதாரண சிறுநீர்த் தொற்றிலும் ஏறிவிடும். அதனால்தான் ஒன்றை நம்பாமல் தொகுப்பாகப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை போனப்போ, கிம்-1 பார்க்க முடியுமான்னு டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கலை. “பார்த்து, உயர்ந்திருக்குன்னு வருது. கட்டி சுருங்கிட்டிருக்கு. மருந்தை நிறுத்தச் சொல்வீங்களா?” என்று கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். என்கிட்ட பதில் இல்லை. இரண்டாவது சுற்றுக்கு, சிறுநீரகத்தை அவ்வளவாகத் தாக்காத கார்போபிளாட்டினுக்கு மாத்தினாங்க. கிரியேட்டினின் இப்போ 1.4ல நிக்குது.