வீடு மாறும்போது எறியக் கூடாதவை

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பல்லாண்டு குடியிருந்த வீட்டை விற்பவர்கள், முதலில் வேண்டாத சாமான்களை ஒழிக்கிறார்கள். அது நல்லதுதான். பொருள் அடைந்து கிடந்தால் பெரிய அறையும் வாங்க வருபவர் கண்ணுக்குச் சிறியதாகவே தெரியும். ஆனால் அந்த அவசரத்தில் தகரப்பெட்டியில் இருக்கும் பழைய காகிதங்களும் குப்பைக்குப் போய்விடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நிலப்பட்டா, வாங்கியபோது செய்த ஒப்பந்தம், நில வரி, வீட்டு வரி ரசீதுகள் ஆகியவற்றை வழக்கறிஞர் கேட்பார். வீட்டைப் பெரிதாக்கிய செலவுக்கான ரசீதும் முக்கியம். வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு வரை சொத்து ஆதாய வரி வரக்கூடும். ரசீது இருந்தால் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். மலேசியக் குடிமக்களுக்கு 2022 முதல், ஆறாம் ஆண்டிலிருந்து விற்றால் இந்த வரி இல்லை.

இவற்றைவிடப் பெரியவை தாத்தா, பாட்டியின் பிறப்புப் பத்திரமும் பழைய அடையாள அட்டையும். 1982 மார்ச் 1-இல் திருமணச் சட்டம் நடப்புக்கு வருமுன், கோயிலில் தாலி கட்டிய பலர் அதைப் பதிவு செய்யவில்லை. அவர்களின் கல்யாணப் பத்திரிகையும் படமும்கூடச் சான்றாக உதவலாம். பிறப்பைக் காலத்தில் பதியாத பிள்ளைக்குக் குடியுரிமை கேட்கும்போது, பெற்றோரின் பத்திரங்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே, பெட்டி கட்டுமுன் காகிதங்களைப் பிரித்துத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பு லாரியில் ஏறக் கூடாது; வீட்டுப் பெரியவர் கையோடு போக வேண்டும்.