வேலை கேட்டும் கிடைக்காவிட்டால் படி உண்டு: சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு வருடம் முழுவதும் வயலில் வேலை இருப்பதில்லை. நடவு, களையெடுப்பு, அறுவடை முடிந்ததும் அவரும் அவர் குடும்பத்தாரும் கூலி வேலைக்குப் போகிறார்கள். அதே விவசாயிக்கு நடவு சமயத்தில் ஆள் கிடைப்பதில்லை. ஆகவே அவர் சில மாதம் வேலை தேடுகிறவர், சில நாள் ஆள் தேடுகிறவர். கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்திலும் கூலிச் சட்டத்திலும் 2025-ல் வந்துள்ள மாற்றங்கள் இந்த இரண்டு நிலையிலும் அவரைப் பாதிக்கின்றன. எனவே அவற்றைச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் வந்த வழி

வேலை கேட்பவருக்கு வேலை தருவது அரசின் கடமை என்ற ஏற்பாடு முதலில் மகாராஷ்டிரத்தில்தான் வேரூன்றியது. அங்கு 1972-73-ல் கடும் வறட்சி ஏற்பட்டபோது லட்சக்கணக்கானோர் சாலை, குளம், வரப்பு வேலைகளில் கூலி பெற்றுப் பிழைத்தனர். பின்னர் 1977-ல் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டு, 1979 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய 6 மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. 2008 ஏப்ரல் முதல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிவாயிற்று. இதையே மக்கள் நூறு நாள் வேலை என்று அழைத்தனர்.

படி எப்போது கிடைக்கும்?

நூறு நாள் வேலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே சட்டத்தில் இருந்த வேலையின்மைப் படியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. வேலை கேட்டு விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், 16-வது நாள் முதல் படி தர வேண்டும். குறிப்பிட்ட ஒரு தேதியிலிருந்து வேலை வேண்டும் என்று முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து 15 நாள் கணக்கு. படியின் அளவு முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையக்கூடாது. அதன் பிறகு அந்த நிதியாண்டின் மீதி நாட்களுக்கு அரைப் பங்குக்குக் குறையக்கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு இத்திட்டக் கூலி நாளொன்றுக்கு ரூ.336 என்று நிர்ணயிக்கப்பட்டது. கால் பங்கு ரூ.84, அரைப் பங்கு ரூ.168. முப்பது நாள் வேலை தரப்படாத குடும்பத்துக்குக் குறைந்தது ரூ.2,520 சேர வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல. கூலியும் படியும் சேர்ந்து 100 நாள் கூலிக்குச் சமமானால் அந்த ஆண்டுக்கான பொறுப்பு தீர்ந்துவிடும்.

ரசீதுதான் ஆதாரம்

சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் படி வாங்கியவர்கள் மிகக் குறைவு. இதற்குக் காரணம் பணம் யார் தருவது என்பதில் இருக்கிறது. 2005 சட்டப்படி உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு தந்தது. படியை மட்டும் மாநில அரசு தன் கையிலிருந்து தர வேண்டும். எனவே விண்ணப்பத்தைத் தேதியோடு பதிவு செய்தால் மாநிலத்துக்குச் செலவு வரும். "வேலை வரும்போது சொல்லி அனுப்புகிறோம்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் 15 நாள் கணக்கே தொடங்காது. வேலை கேட்டதற்கு எழுத்து இல்லையென்றால், கேட்கவே இல்லை என்றுதான் ஆகும்.

ஆகையால் கீழ்க்கண்டவற்றை விவசாயிகள் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவது, குடும்பத்தில் 18 வயது நிரம்பிய எல்லோர் பெயரும் வேலை அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எந்தத் தேதி முதல் எத்தனை நாள் வேலை வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் வாய்மொழியாகச் சொன்னாலும் அதைப் பதிவு செய்யும்படி கேட்கலாம்.

மூன்றாவது, தேதியிட்ட ரசீது இல்லாமல் ஊராட்சி அலுவலகத்தை விட்டு வரக்கூடாது. ஊராட்சியில் வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து ரசீது பெறலாம்.

நான்காவது, வேலைக்கு அழைப்பு வந்தால் போக வேண்டும். அழைத்தும் 15 நாளுக்குள் போகாதவர்களும், அனுமதியின்றி ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வராதவர்களும் 3 மாத காலம் படி கேட்கும் உரிமையை இழந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

2025 சட்டம் என்ன சொல்கிறது?

2025 டிசம்பரில் பாராளுமன்றம் இதற்கு மாற்றாக ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். சுருக்கமாக ஜி ராம் ஜி சட்டம் என்று இது பேசப்படுகிறது. மத்திய அரசு அறிவிக்கும் நாளில் பழைய சட்டத்தின் இடத்தில் இது அமர வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் 100 நாள் 125 நாளாக உயர்த்தப்பட்டுள்ளது. 15 நாளில் வேலை தராவிட்டால் படி என்ற விதியும் தொடர்கிறது.

ஆனால் பணப் பங்கீடு மாறிவிட்டது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவில் 60 பங்கை மத்திய அரசும் 40 பங்கை மாநில அரசும் ஏற்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று மத்திய அரசு ஒதுக்கும். அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தைச் சேரும். முன்பு படி மட்டும் மாநிலத்தின் சுமையாக இருந்தபோதே ரசீது கிடைப்பது கடினமாக இருந்தது. இப்போது கூலியிலும் பங்கு சேர்ந்துவிட்ட நிலையில் ரசீதின் அவசியம் முன்னைவிட அதிகமாகிறது. நாள் கணக்கு உயர்ந்ததை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக்கூடாது.

60 நாள் இடைவெளி

சிறு விவசாயிகள் மிகவும் கவனிக்க வேண்டிய மாற்றம் இதுவே. விதைப்பு, அறுவடை மும்முரமாக நடக்கும் காலத்தில், ஓர் ஆண்டில் மொத்தம் 60 நாட்களை மாநில அரசு முன்கூட்டி அறிவிக்கும். அந்த நாட்களில் இத்திட்ட வேலைகள் நடக்கமாட்டா. விவசாய வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

இதில் நன்மையும் உண்டு, சங்கடமும் உண்டு. நடவுக்கு ஆள் தேடுகிறவருக்கு இது உதவி. ஆனால் மழை பொய்த்தோ ஆற்றில் தண்ணீர் வராமலோ நடவே நடக்காத வருடத்தில், வயலிலும் வேலை இராது, திட்டத்திலும் வேலை இராது. நிலம் இல்லாத கூலியாளுக்கும், கிணறு வற்றிய மானாவாரி விவசாயிக்கும் அந்த 60 நாள் பெரும் கஷ்டம்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இடத்துக்கு இடம் வேறு வேறு நாட்களை அறிவிக்கலாம். டெல்டாவில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் நெருங்கி வரும் நாட்கள் வேறு. புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கும் மானாவாரி நிலங்களின் நாட்கள் வேறு. எல்லா ஊருக்கும் ஒரே தேதி போட்டால் சிலருக்குத்தான் பொருந்தும். ஆகவே தங்கள் ஊரில் எந்த வாரங்களில் உண்மையில் ஆள் தேவைப்படுகிறது என்பதை விவசாயிகளே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆள் வைக்கும்போது

ஆள் வைத்து வேலை வாங்கும் விவசாயிக்கும் சட்டம் உண்டு. விவசாயக் கூலி 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வைக்கக்கூடாது என்பது இதில் உறுதி செய்யப்பட்டுள்ளது. நாற்று நடுபவர்களும் களையெடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. அவர்களுக்கு நியாயமான கூலியை அன்றன்றே கொடுக்கும் விவசாயிக்கு அடுத்த நடவில் ஆள் தட்டுப்பாடு குறையும். சட்டத்துக்காக மட்டுமின்றி, பயிருக்காகவும் இது வேண்டும்.

கிராம சபையில் பேசுங்கள்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கிராம சபை கூடுகிறது. புதிய சட்டப்படி ஊராட்சித் திட்டத்தில் இடம் பெற்ற பணிகளே எடுத்துக்கொள்ளப்படும். எனவே தூர் வார வேண்டிய வாய்க்கால், உடைந்த ஏரிக்கரை, வண்டி போக வழியில்லாத களத்துப் பாதை ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். உங்கள் பகுதிக்கு ஏற்ற 60 நாள் எது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை கேட்டு ரசீது கிடைக்காதவர்கள் அதையும் அங்கேயே எழுந்து சொல்லலாம். கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, தேதி பொருந்தவில்லை என்று பிறகு வருந்துவதில் பயனில்லை.