ரோபோவின் பின்னால் ஒரு ட்ரெய்லர்

நம் சங்கத்துப் பிள்ளைகளில் சிலர் பள்ளியில் ரோபோ செய்கிறார்கள். பெற்றோர்கள் மோட்டாரையும் புரோகிராமையும் பற்றித்தான் கேட்கிறார்கள். ரயில்வேயில் காலம் தள்ளியவனுக்கோ, இரண்டு வண்டிகள் சேரும் இடத்தின்மீதுதான் முதலில் கண் போகும்.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ரோபோ போட்டி நடத்துகிறது. 2009ஆம் ஆண்டுப் போட்டிக்கு ‘லூனசி’ என்று பெயர். அப்போலோ 11 நிலவில் இறங்கி 40 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, வழுக்கும் தரையும் வழவழப்பான சக்கரங்களும் கொடுத்தார்கள். அணிக்கு மூன்றாக ஆறு ரோபோக்கள்; ஒவ்வொன்றும் ஒரு ட்ரெய்லரை இழுக்க வேண்டும். எதிரணியின் ட்ரெய்லரில் பந்தைப் போட்டால் புள்ளி. இதோடு ரோபோவுக்குப் பம்பரும் கட்டாயம். ப்ளைவுட் பலகைமேல் நுரைக்குழாய்களை வைத்துத் துணி போர்த்தியதுதான் அந்தப் பம்பர்.

கொக்கியை எங்கே வைப்பது? நம் பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளைப் பாருங்கள். நடுவில் திருகுக் கப்ளிங், இரு பக்கமும் பஃபர். இழுப்பது ஒன்று, இடி வாங்குவது வேறொன்று. ரோபோவிலும் அப்படித்தான். கொக்கியை பம்பர் பலகையில் திருகினால், இழுவை முழுவதும் அந்தப் பலகையின் ஆணிகளில் விழும். பின்னாலிருந்து ட்ரெய்லரை எவராவது மோதினால் அந்த அடியும் அங்கேதான் வரும். கொக்கியின் இடம் அடிச்சட்டம்தான்.

அடுத்தது திரும்பும் கோணம். பம்பரில் இடைவெளி விட்டு, கொக்கியின் பின்னை உள்ளே தள்ளி வைத்தால், ட்ரெய்லரின் இழுதண்டு இடைவெளியின் ஓரத்தில் முட்டும். ஒரு கணக்கு: பின் பம்பரின் முகப்பிலிருந்து 8 செ.மீ. உள்ளே, இடைவெளி 16 செ.மீ. அகலம், தண்டு 4 செ.மீ. அகலம் என்று வையுங்கள். ஒரு பக்கம் சுமார் 35 டிகிரிதான் திரும்பும். இடைவெளியை 32 செ.மீ. ஆக்கினால் சுமார் 57 டிகிரி கிடைக்கும். ஆனால் அவ்வளவு தூரம் பம்பர் இருக்காது.

பின்னை வெளியே வைத்தால்? பம்பர் முகப்பிலிருந்து தண்டின் பாதி அகலத்துக்கு மேல் தள்ளியிருந்தால் தண்டு 90 டிகிரி வரை தடையின்றித் திரும்பும். மேற்படி தண்டுக்கு 2 செ.மீ.க்கு மேல் வேண்டும். அதற்கு முன்பே ட்ரெய்லரின் மூலை ரோபோவை இடிக்கிறதா என்பது தண்டின் நீளத்தைப் பொறுத்தது. இதிலும் ஒரு சங்கடம் உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி, நுரை அமுங்குமுன் தானே அடி வாங்கும். ரோபோ திரும்பும்போது பின் அதிகமாக வீசவும் செய்யும். வழுக்கும் தரையில் இதைச் சமாளிப்பது சிரமம்.

உயரத்தையும் விடக் கூடாது. அகலப்பாதையில் பஃபர் மையம் தண்டவாள மட்டத்திலிருந்து 1105 மி.மீ.க்கு மேலும், பாரம் ஏற்றியபின் 1030 மி.மீ.க்குக் கீழும் போகக் கூடாது என்று விதியே உண்டு. ரோபோவில் தண்டு மட்டமாக நிற்க வேண்டும். பாட்டரியும் பம்பரும் ஏற்றி, தரையில் நிறுத்தி அளந்தால்தான் சரியான உயரம் தெரியும்.

இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டாம். பழைய காலண்டர் அட்டையில் ரோபோ, பம்பர், ட்ரெய்லர் மூன்றையும் அளவுப்படி வெட்டி, கொக்கி இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி இரு பக்கமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இடிக்கும் இடத்தில் பென்சிலால் குறித்துவிட்டு ஊசியை இரண்டு செ.மீ. நகர்த்தி, மறுபடி திருப்பட்டும்.