கடையின் இணைய வேகத்துக்கும் கணக்குப் பாருங்கள்



விலக்குப் பெற்ற சரக்குகள் நீங்கலாக, 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் செல்ல 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லையும் இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே மாலையில் இணையம் நின்றால் சரக்கு ஏற்றிய லாரியும் நிற்கிறது. உடனே அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டிவிடுகிறோம். அதற்கு முன், இருக்கிற வேகம் எங்கே போகிறது என்று பார்ப்பதே முறை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் தொழிலுக்கே சொன்னது.

முதலில் அளவையைப் புரிந்துகொள்வோம். 40 எம்.பி.பி.எஸ். திட்டம் என்றால் வினாடிக்கு 40 மெகாபிட். 8 ஆழாக்கு ஒரு படி என்பதுபோல் 8 பிட் ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற தலைப்பை அழுத்துங்கள். அந்த நேரத்தில் அதிகம் இழுக்கும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். இது சிட்டை. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் உள்ள 'டேட்டா யூசேஜ்' பேரேடு. 30 நாளில் எது எவ்வளவு இழுத்தது என்பதை அது காட்டும்.

பெரும்பாலும் அகப்படுபவை விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ், வீடியோ ஆகியவை. இணைப்பை 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால் அப்டேட்டுகளில் பலவும் ஒன்டிரைவும் வியாபார நேரத்தில் ஒதுங்கி நிற்கும். ஆனால் வாரம் ஒரு முறையாவது கடை அடைக்கும் நேரத்தில் அக்குறிப்பை நீக்கி அப்டேட்டை முடித்துவிட வேண்டும். பாதுகாப்புக்கு அது அவசியம். நம் கம்ப்யூட்டரிலிருந்து அப்டேட்டை மற்றவர்களுக்கு அனுப்பும் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' வசதியையும் நிறுத்திவிடலாம்.

கம்ப்யூட்டர் அதிகம் இழுக்கவில்லை, ஆனாலும் வேகம் இல்லை என்றால் வெளியே பாருங்கள். அதே வைஃபையில் எத்தனை செல்போன்கள் இருக்கின்றன? கேமரா பதிவு கடையிலுள்ள பெட்டியிலேயே தங்கினால் இணையம் செலவாகாது. வெளியே சேமிப்புக்குப் போனால் நாள் முழுவதும் இழுக்கும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றி, பில் போடும் கம்ப்யூட்டருக்கு நேரடியாக ஒயர் கொடுப்பது நல்லது.

பிறகு மற்றவற்றை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் ஒரு வாரம் வேகத்தை அளந்து தேதியுடன் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் மட்டும் குறைந்தால், திட்டத்தின் டேட்டா அளவு தீர்ந்திருக்கலாம். எப்போதும் குறைவாக இருந்தால், அந்தச் சீட்டோடு கம்பெனியிடம் புகார் கொடுங்கள். வேகம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் மட்டும் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுங்கள்.