காயலான் கடையும் பழைய மகிழுந்தும்

பயன் தீர்ந்த பொருளை இகழ்ந்துரைக்கத் தமிழ் மக்களின் நாவில் இரு வழக்குகள் உள. ஒன்று, ‘காயலான் கடைக்குப் போட்டுவிடு’ என்பது; மற்றொன்று, ‘பேரீச்சம்பழத்திற்குப் போடு’ என்பது. பழைய இரும்பை வாங்கிக்கொண்டு மாற்றாகப் பேரீச்சம்பழம் கொடுத்த தெரு வணிகத்தின் எச்சம் பின்னது. முன்னதில் உள்ள ‘காயலான்’ என்னும் சொல் காயல்பட்டினத்தாரைக் குறிக்கும் என்றும், அவ்வூர் முஸ்லிம் வணிகர் பழம்பொருள் வாணிகத்தில் ஈடுபட்டமையால் அக்கடைக்கு இப்பெயர் அமைந்தது என்றும் விளக்கம் கூறுவர். பேச்சுவழக்கில் அது ‘காயலாங்கடை’ எனத் திரிந்து வழங்குகிறது. கடல் கடந்து வாணிகம் செய்த ஓர் ஊரின் பெயர் இன்று துருவுக்கும் உடைசலுக்கும் அடையாய் நிற்பது சற்றே வருத்தம் தருவதுதான். ஆயினும், அக்கடையின் தொழிலை அணுகி நோக்குவார்க்கு இகழ்ச்சிக்கு அங்கு இடமில்லை என்பது புலனாகும். பழைய மகிழுந்துகளை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, ஆர்வலர் தம்முள் பகிர்ந்துகொள்ளும் முறையைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

தஞ்சைத் தரணிக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள தொடர்பு நூறாண்டைக் கடந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910-களின் தொடக்கத்திலேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். பின்னர் நெல்வளத்தால் செழித்த மிராசுதார் இல்லங்களிலும், கடல் கடந்து பொருளீட்டிய கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களின் வணிகர் இல்லங்களிலும் மகிழுந்து இடம்பெற்றது. விடுதலைக்குப் பின் வெளிநாட்டு வண்டிகளின் வரத்து அருகவே, மூன்று நிறுவனங்களின் மகிழுந்துகளே நெடுங்காலம் நம் சாலைகளை ஆண்டன எனலாம். வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் செய்த ஸ்டாண்டர்டு வண்டிகள் ஆகியவையே அவை. இவற்றுள் ஸ்டாண்டர்டு 1980-களின் இறுதியில் நின்றது. பியட்டின் வழித்தோன்றலான பிரீமியர் பத்மினி 2000-ஐ ஒட்டி நின்றது. அம்பாசிடரும் 2014-இல் நின்றுவிட்டது. ஆலை நின்றபின் வண்டிக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? மற்றொரு வண்டியிலிருந்துதான் வரவேண்டும். பாகம் பிரித்தலின் தேவை முழுவதும் இவ்வொரு வினாவில் அடங்கியுள்ளது.

‘பாகம்’ என்னும் சொல் நம் பகுதியில் நிலம், மனை பற்றிய பேச்சிலேயே மிகுதியும் வரும். பாகப்பிரிவினையில் நஞ்சையைப் பிரிக்கலாம். வீட்டையும் குறுக்குச்சுவர் எழுப்பிப் பிரிக்கலாம். தந்தை விட்டுச்சென்ற காரை எங்ஙனம் பிரிப்பது? நம் மார்க்கச் சட்டம் ஒவ்வொரு வாரிசுக்கும் இன்ன பின்னம் என்று வரையறுத்திருப்பினும், ஒருவருக்கு இயந்திரமும் மற்றவருக்குக் கதவும் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு பிள்ளை துபாயில், மற்றொருவர் சிங்கப்பூரில், மூன்றாமவர் சென்னையில். யாருக்கும் வேண்டாததாயும், யாரும் விட்டுக்கொடுக்காததாயும் வண்டி மாட்டுக்கொட்டிலில் நிற்கும். பதிவுப் புத்தகம் மறைந்தவர் பெயரிலேயே இருக்கும். காவிரிப் படுகையின் ஈரக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் தரைத்தகட்டை அடியிலிருந்து தின்னும். வைக்கோலுக்கு வரும் எலி மின்கம்பிகளைக் கடிக்கும். பத்தாண்டு கழித்து இடத்திற்காகக் கொட்டிலை இடிக்கும்போதுதான் வண்டியின் நினைவு வரும். அன்று மாலையே எடைக்குப் போய்விடும். வண்டி கெடுவது இங்குப் பெரும்பாலும் விபத்தால் அன்று, முடிவெடாமையால்.

எடைக்கு வாங்குவோர் பார்வையும் ஆர்வலர் பார்வையும் நேர் எதிரானவை. எடைக்கு வாங்குவோர்க்கு இரும்பு ஒரு விலை, செம்பும் பித்தளையும் வேறு விலை, கண்ணாடிக்கு மதிப்பில்லை. எரிவாயு வெட்டியால் கூரையை அறுப்பதே அவர்தம் முதல் வேலை. ஆர்வலரோ, எடையில் மிகக் குறைந்தவற்றையே முதலில் நாடுவர். முன் கண்ணாடி, பின்விளக்கின் சிவப்பு மூடி, பெயர்ச்சின்னம், பளபளப்புப் பட்டை, வேகமானி, கதவின் இரப்பர் விளிம்பு ஆகியவையே கிடைத்தற்கரியவை. இயந்திரத்தைக் கடைந்தும் தேய்த்தும் செப்பனிட நம் ஊர்ப் பட்டறைகளில் திறமுண்டு. ஒரு பழைய விளக்கு மூடியை அதே வடிவில் வார்ப்பது அத்துணை எளிதன்று. ஆகவே முறையாகப் பிரிப்போர் கண்ணாடி, விளக்கு, சின்னங்களை முதலிலும், கதவு, இருக்கைகளை அடுத்தும், இயந்திரம், கியர் பெட்டியை அதன்பின்னும் கழற்றுவர். வெறுங்கூடே இறுதியில் இரும்புக் கடைக்குச் செல்லும். கழற்றிய திருகாணிகளைத் தனித்தனிப் பையிலிட்டுப் பெயர் எழுதி வைப்பதும் அத்தொழிலின் ஒழுங்குகளுள் ஒன்று.

இம்முறையின் இன்றியமையாமையை விளக்க ஸ்டாண்டர்டு ஹெரால்டினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என வெளிவந்த இவ்வண்டிக்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அக்காலத்தில் பிற நிறுவனங்கள் கூட்டையும் சட்டத்தையும் ஒன்றாய் இணைத்துச் செய்யத் தொடங்கியிருந்தன. டிரையம்புக்குக் கூடு செய்து தந்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிடவே, தனியாக ஒரு சேஸும், அதன்மேல் துண்டு துண்டாகத் திருகாணியால் பூட்டப்படும் உடற்பகுதிகளுமாக ஹெரால்டை அமைத்தனர். நெருக்கடியில் பிறந்த இவ்வமைப்பு, பாகம் பிரிப்பதற்கென்றே செய்தது போல் அமைந்துவிட்டது. முன்மூடி முழுவதும் சக்கர வளைவுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். துருவேறிய பகுதியை மட்டும் கழற்றி வேறு வண்டியின் பகுதியைப் பூட்டலாம்.

சென்னை ஆலை 1961 முதல் இதனை 948 சி.சி. இயந்திரத்தோடு செய்து வந்தது. 1960-களின் பிற்பகுதியில் இந்தியக் குடும்பங்களின் தேவை கருதி நான்கு கதவு ஹெரால்டை ஆக்கியது. இது உலகில் வேறெங்கும் செய்யப்படாதது. இங்குதான் சிக்கல் எழுகிறது. இயந்திரப் பகுதிகள் பலவற்றை இங்கிலாந்திலிருந்து இன்றும் வருவிக்க இயலும். அங்கு டிரையம்ப் ஆர்வலர் மிகுதி. ஆனால் நான்கு கதவு வண்டியின் பின்கதவை அங்குத் தேடுவது வீண். அது சென்னையில் மட்டுமே பிறந்தது. ஆகவே மற்றொரு சென்னை வண்டியிலிருந்தே அது வரவேண்டும். பின்னர் 1972 முதல் 1977 வரை வந்த ஸ்டாண்டர்டு கெசலிலும் அதே 948 சி.சி. இயந்திரமே இருந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராது இயங்க, கெசலில் ஒரே அச்சு அவ்விரண்டையும் இணைத்தது. எனவே கெசலின் இயந்திரம் ஹெரால்டுக்கு உதவும். அச்சு அப்படியே பொருந்தாது. எது எதற்குப் பொருந்தும் என்னும் இந்நுண்ணறிவே பாகம் பிரிப்போரின் முதல். எழுத்தில் பெரிதும் பதிவாகாத இவ்வறிவு, எழும்பூரை அடுத்த சென்னைப் புதுப்பேட்டையின் பழம்பாகக் கடைகளிலும் ஊர்ப்புறப் பட்டறைகளிலும் வாய்மொழியாக வாழ்ந்து வருகிறது.

அம்பாசிடரும் பியட்டும் இவ்வகையில் வேறானவை. அவற்றில் உடற்கூடே சட்டமாகவும் நிற்கிறது. கதவின் கீழுள்ள படிப்பகுதி துருவேறி உளுத்தால், வண்டியின் முதுகெலும்பே உளுத்தது என்று பொருள். தவிரவும், ஒரே பெயர் தாங்கிய வண்டிகளிலும் வேறுபாடுகள் உள. பழைய பியட் 1100 வண்டியில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருந்தது. 1964-க்குப் பின் வந்தவற்றில் முன்பக்கத்திற்கு மாறியது. அம்பாசிடரின் முகப்புக் கிரில்லும் மார்க் வரிசைதோறும் மாறி வந்தது. பெயரை மட்டும் கேட்டுப் பொருளனுப்புவோர் திருப்பியும் வாங்க நேரும்.

இனி, எதனைப் பிரிக்கலாம், எதனைப் பிரிக்கலாகாது என்னும் வினா. ஆர்வலரிடையே வழக்குக்கு இடமானது இதுவே. பிரித்து விற்றால் முழுவண்டியினும் மிகுந்த பணம் கிடைப்பதுண்டு. அவாவினால் நல்ல வண்டியையும் உடைப்பார் உளர். முழுமையான, எண்கள் மாறாத, கூடு உறுதியான வண்டியைப் பணத்திற்காக உடைப்பது, காய்க்கும் தென்னையை விறகுக்கு வெட்டுவது போன்றதே என்பது நம் கருத்து. அதற்கு மாறாக, கூடு முற்றும் உளுத்த வண்டியை ‘தாத்தாவின் நினைவு’ என்று வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. அதன் கண்ணாடியும் கதவுப்பிடியும் வேகமானியும் அதே வகையான நான்கைந்து வண்டிகளை ஓடச் செய்யும். இத்தகைய வண்டியை ஆர்வலர் இருவர் மூவர் கூட்டாக வாங்கி, இயந்திரம் ஒருவர்க்கு, கதவுகள் ஒருவர்க்கு எனப் பங்கிட்டுக்கொள்வர். நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. மோட்டார் வண்டியின் பழைய அச்சையும் சக்கரங்களையும் பூட்டிய டயர் மாட்டுவண்டிகள் இப்பகுதியில் எத்தனை களத்து நெல்லைச் சுமந்தன!

சட்டத்தின் கூறும் அறியத்தக்கது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி அழிந்தாலோ நிலையாகப் பயன்பாட்டிற்கு ஆகாமற் போனாலோ உரிமையாளர் 14 நாள்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். இதைச் செய்யாது பதிவுப் புத்தகத்தையும் சேஸ் எண் தகட்டையும் சேர்த்து விற்பதில் இடருண்டு. இறந்த வண்டியின் எண், திருடிய வண்டியின் மேல் ஏறிவிடலாம். வடநாட்டில் மீரட் நகரின் சோத்திகஞ்ச் உதிரிப்பாகச் சந்தை, திருட்டு வண்டிகளை உடைக்கும் இடமெனப் பெயரெடுத்து 2021 டிசம்பரில் காவல்துறையால் மூடப்பட்டது. நேர்மையாகத் தொழில் நடத்தியவரும் அதில் அகப்பட்டனர். அதே 2021-இல் இரு விதிகள் வந்தன. ஒன்று, வண்டி உடைக்கும் நிலையங்கள் பதிவு பெற்று இயங்க வழிவகுத்தது. மற்றொன்று, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு செய்ய இடமளித்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் போக்குவரத்திற்கு அவ்வண்டியைப் பயன்படுத்தலாகாது. சேஸ், கூடு, இயந்திரம் ஆகியவை மூலவடிவில் பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும் என்பது இதன் உயிர்நிலை. ஆகவே, மூலவடிவ உதிரிப்பாகங்களுக்கு மதிப்பு கூடியிருப்பதில் வியப்பில்லை.

பழம்பொருள் வாணிகத்தின் ஆணிவேர் நம்பிக்கை. துருவின்மேல் பட்டி பூசி, வண்ணம் அடித்து, ‘கூடு உறுதி’ என விற்பது எளிது. பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்பதை அறிந்தோர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தோடு வண்டி பார்க்கச் செல்வர். மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுள் கையை நுழைத்தபோது உட்புறம் ஈரமாயிருக்கக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்று விற்பவர் கூறவே, மக்கள் காணுமாறு நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் உரைத்தார்கள். 17 விழுக்காட்டு ஈரப்பதத்திற்காகக் கொள்முதல் நிலையத்தில் காத்து நிற்கும் தஞ்சை உழவர்க்கு இந்நிகழ்ச்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பழைய வண்டி விற்போர்க்கும் இதுவே நெறி: துரு இருக்கும் இடத்தைத் தாமே முதலில் காட்டுதல். இரு வண்டிப் பகுதிகளை இணைத்த ஒரு வண்டியை ‘மூல வண்டி’ என விற்பதும் நனைந்த தானியத்தை உள்ளே மறைப்பதே.

இதனைப் படிக்கும் பெரியோர் சிலரின் கொட்டிலில் இன்றும் ஒரு வண்டி நிற்கக்கூடும். எடைக்காரரை அழைக்குமுன் செய்யத்தக்கவை சில. பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, வாரிசுகள் ஒப்புதலோடு பெயர் மாற்றம் செய்துகொள்க. சேஸ் எண்ணும் இயந்திர எண்ணும் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா எனப் பார்க்க. இயந்திரத்தைச் சட்டென்று முடுக்க வேண்டா. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டபின் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்க்க. கதவுப் படியையும் தரைத்தகட்டையும் திருப்புளியால் குத்திப் பார்த்தால், வண்டி ஓடுவதற்குரியதா பிரிப்பதற்குரியதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பின்பு நான்கு புறமும் நிழற்படம் எடுத்து, சென்னையிலோ கோவையிலோ உள்ள பழைய மகிழுந்து ஆர்வலர் ஒருவர்க்கு அனுப்புக. நான்கு கதவு ஹெரால்டாக இருப்பின், பின்கதவுகளின் படத்தைத் தனியே எடுத்தனுப்புதல் நலம்.