உக்கிராணக்காரனின் கணக்கு

கிறிஸ்தவர்கள் நடுவே ‘உக்கிராணக்காரன்’ என்றொரு சொல் உண்டு. எஜமானின் பொருளைப் பார்த்துக்கொள்பவன். கேட்கும் நாளில் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஜிம் பேக்கரின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் மனதில் வந்து நிற்கிறது.

1940இல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் பிறந்தவர் பேக்கர். மனைவி டாமி ஃபேயுடன் ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்தார். 1966இல் போதகர் பேட் ராபர்ட்சனின் தொலைக்காட்சியில் சேர்ந்த இருவரும், 1974 முதல் சார்லட் நகரிலிருந்து ‘பி.டி.எல்.’ என்ற சொந்த நிகழ்ச்சியை நடத்தினார்கள். எய்ட்ஸ் நோயாளிகளைக் கண்டு ஊரே ஒதுங்கிய 1985இல், நோயுற்ற தன்பாலீர்ப்பாளரான ஒரு போதகரைப் பேட்டி கண்டு, அவருக்காகக் கண்ணீர் விட்டார் டாமி ஃபே. அந்த அன்பை மறுக்க முடியாது.

அன்போடு ஆசையும் வளர்ந்தது. தென் கரோலினாவில் 2,300 ஏக்கரில் ‘ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ.’ என்ற கிறிஸ்தவக் கேளிக்கை நகரம் எழுந்தது. ஆயிரம் டாலர் கொடுத்தால் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு மூன்று இரவு அங்கே தங்கலாம் என்றார் பேக்கர். ‘ஆயுள் பங்காளர்’ ஆகப் பணம் குவிந்தது. அங்கே கட்டும் முதல் ஹோட்டலுக்கு 25,000 பேர்தான் என்று வாக்களித்தவர், 66,683 பேரிடம் வாங்கினார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த ஹோட்டலில் சுமார் 500 அறைகள், ஆண்டு முழுவதும் நிரம்பினாலும் 1,82,500 இரவுகள். வாக்களித்ததோ இரண்டு லட்சம் இரவுகள்! பள்ளிப் பிள்ளைகூடப் போடக்கூடிய இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கப் பங்காளர்களிடம் விவரம் இல்லை. எல்லாப் பங்காளர் திட்டங்களிலுமாக வந்த 15.8 கோடி டாலரில் 37 லட்சம் பேக்கரின் ஆடம்பரத்துக்குப் போனதாக நீதிமன்றப் பதிவு சொல்கிறது.

திருச்சபைக்குள் எழாத கேள்வியை ‘சார்லட் அப்சர்வர்’ நாளிதழ் எழுப்பியது. சபை ஊழியரான ஒரு பெண்ணின் வாயை மூட 2,79,000 டாலர் ஒதுக்கிய விவகாரமும் வெளிவர, 1987 மார்ச்சில் பேக்கர் பி.டி.எல்.லிலிருந்து விலகினார். பங்காளர்களை ஏமாற்றிய வழக்கில், 1989இல் 24 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை 45 ஆண்டு. நீதிபதி தம் சொந்த மத உணர்வைத் தண்டனையில் கலந்துவிட்டார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்ய, பிறகு எட்டு ஆண்டாகக் குறைந்து, 1994இல் விடுதலையானார்.

சிறையில் வேதத்தை முழுதாக வாசித்து, தாம் போதித்த செழிப்பு உபதேசம் (விசுவாசிப்பவர்களுக்குக் கடவுள் செல்வம் தருவார் என்ற போதனை) பிழை என்று 1996இல் புத்தகமே எழுதினார். அந்த மனந்திரும்புதலை நானும் நம்பினேன். ஆனால் 2003இல் மீண்டும் திரைக்கு வந்தவர், பேரழிவுக் காலத்துக்கென்று வாளி வாளியாக உணவு விற்றார். 2020இல், கொரோனா பரவும் வேளையில், அவர் நிகழ்ச்சியில் வெள்ளிக் கரைசல் மருந்துபோல விற்கப்பட்டது. மிசூரி அரசு வழக்குப் போட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, வாங்கியவர்களுக்கு 1,56,000 டாலர் திருப்பித்தர 2021இல் உடன்பட்டார்.

அந்த ஆயிரம் டாலரைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்கள் போதகரை நேசித்தார்கள். கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று தயங்கினார்கள். கேட்டிருந்தால் அவர்கள் பணம் மட்டுமல்ல, அவர்கள் நேசித்த போதகரும் தப்பியிருப்பார்.